சிக்கனம் இரண்டாம் மாதமே கைநழுவுவது ஏன்?

கேள்வி: வீட்டில் இருவர் சம்பாதிக்கிறோம். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. விளக்கை அணைப்பது, வெளியே சாப்பிடுவதைக் குறைப்பது என்று பலமுறை தொடங்கிப் பார்த்தோம். இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதல் 30 நாள் எதையும் குறைக்காதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். அதுவும் அன்றன்றைய செலவை அன்றன்றே. வாரக் கடைசியில் யோசித்து எழுதினால் சில்லறைச் செலவுகள்தான் முதலில் விட்டுப்போகும். கூடவே கடந்த 12 மாத வங்கிக் கணக்கை எடுத்து, காப்பீடு, பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ், மருத்துவம், வரி என்று எப்போதாவது வருகிற செலவுகளைத் தனியாகக் கூட்டுங்கள். அந்தத் தொகையை 12-ஆல் வகுங்கள்.

உங்கள் முயற்சி பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த எண்தான் காரணமாக இருக்கும். இரண்டு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை மூன்றாம் மாதம் ஒரு காப்பீட்டுத் தவணை ஒரே வாயில் விழுங்கிவிடும். ‘என்ன மிச்சம் பிடித்து என்ன பயன்’ என்ற சலிப்பு அங்கேதான் பிறக்கிறது. சம்பளம் வந்த அன்றே அந்த மாதப் பங்கை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மீதி இருப்பதுதான் உங்கள் உண்மையான மாத வருமானம்.

கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதை அடையுங்கள். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். வீட்டில் பிடிக்கிற மிச்சமெல்லாம் அந்த ஓட்டை வழியே போய்விடும்.

அடுத்து மின்சாரம். விளக்கை அணைப்பது நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் 9 வாட் எல்இடி பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 1.35 யூனிட்தான். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அதே 1.35 யூனிட்டை 40 நிமிடத்தில் தின்றுவிடும். அதனால் சூடாக்குபவை, குளிரவைப்பவை, 24 மணி நேரமும் ஓடுபவை ஆகிய மூன்றின் மீதுதான் கண் வைக்க வேண்டும்.

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 0.6 யூனிட் ஆகும். 2000 வாட் ஹீட்டருக்கு அது 18 நிமிட வேலை. காலையில் போட்டுவிட்டு மதியம் வரை மறந்துவிட்டால், தொட்டி ஆற ஆற அது மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஒருவர் பின் ஒருவராக அடுத்தடுத்துக் குளித்து முடித்து, ஸ்விட்சை அணைத்துவிடுவதே மேல்.

ஃப்ரிட்ஜை இப்படிச் சோதியுங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, மெல்ல இழுங்கள். பிடித்து இழுப்பது கையில் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும் பாருங்கள், கீழ் மூலைகளை விடாதீர்கள். உடனே ரப்பரை மாற்ற ஓடவேண்டாம். மடிப்புகளில் படிந்த பிசுக்கை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் துடைத்து, உலர்ந்ததும் மறுபடி தாளை வைத்துப் பாருங்கள். அதிலேயே சரியாகிவிடுவதும் உண்டு. உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 போதும். அதற்கும் கீழே குளிரவைப்பது வீண் மின்சாரம்.

டிவி, செட்டாப் பெட்டி போன்றவை ஸ்டாண்ட்பையில் 5 வாட் இழுத்தாலும் ஆண்டுக்கு 44 யூனிட் ஆகும். சுவர் ஸ்விட்சை அணைத்தால் தீர்ந்தது.

தண்ணீர்க் கசிவு சத்தமில்லாத செலவு. சொட்டுகிற குழாயின் கீழ் ஒரு டம்ளரை 10 நிமிடம் வையுங்கள். சேர்ந்ததை அளந்து 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. 50 மில்லி சேர்ந்தால் நாளுக்கு 7.2 லிட்டர், மாதத்துக்கு 216 லிட்டர். பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்ததுதான் காரணம். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் உணவு நிறமி கலந்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் கசிகிறது. இந்தக் கசிவு காதுக்கும் கேட்காது, கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் மாதக்கணக்கில் ஓடுகிறது.

சமையலில் இரண்டே விஷயம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது, கூடுதல் தீ ஆவியைத்தான் பெருக்கும். மொத்தமாக வாங்குவதில் லாபம் உண்டா என்பது பொட்டலத்தின் விலையில் தெரியாது. விலையை எடையால் வகுத்துப் பாருங்கள், பெரிய பொட்டலம் எப்போதும் மலிவாக இருப்பதில்லை. அப்படி வாங்கியதில் கால் பங்கு கெட்டுப்போனால், மீதியின் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது என்று பொருள்.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்கப்படாத ஒரு சிறு தொகையை மாதாமாதம் ஒதுக்குங்கள். இதை ஆடம்பரமாக நினைக்கவேண்டாம். எல்லாச் செலவுக்கும் பதில் சொல்ல வேண்டிய வீட்டில் செலவுகள் ஒளிக்கப்படும், பிறகு நீங்கள் எழுதுகிற கணக்கே பொய்யாகிவிடும்.

மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுக் கருவி வாங்குவதென்றால், அதன் விலையை மாதம் மிச்சமாகும் தொகையால் வகுங்கள். அத்தனை மாதத்தில்தான் போட்ட பணம் திரும்பும். 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி மாட்டினால், தினம் 10 மணி நேரம் ஓடும் அறையில் மாதம் 13.5 யூனிட் மிச்சம். ஒரு மணி நேரமே ஓடும் அறையில் 1.35 யூனிட்தான், பணம் திரும்பப் பத்து மடங்கு காலமாகும். அங்கே பழையது ஓடும்வரை ஓடட்டும்.