எந்தக் கிளாஸின் வெட்டு வலியது? வாசகர் கேள்வி - பதில்

பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், எதிரியை நெருங்கி நின்று போரிடும் கிளாஸ்களின், அதாவது பாத்திர வகைகளின், சேத அளவைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை விடையளிக்கப்படுகிறது. வேறுவிதமாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளே கணக்குக்கு அடிப்படை.

கேள்வி: எங்கள் குழுவில் ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரோக் என நான்கு கிளாஸ்களில் நால்வர் ஆடுகிறோம், அனைவரும் 5-ஆம் லெவலில் இருக்கிறோம். சென்ற ஆட்டத்தில் பாலடின் ஒரே வெட்டில் 51 சேதம் விளைவித்தார். அன்று முதல், நெருக்கச் சண்டையில் தமக்கு நிகர் எவரும் இல்லை என்று அவர் வாதிட்டு வருகிறார். அவர் கூற்று சரிதானா?

பதில்: அந்த 51 எப்படி வந்திருக்கும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இருபது பக்கப் பகடையில் 20 விழுந்து கிரிட்டிகல், அதாவது சேதப் பகடைகள் இரட்டிக்கும் அடி, ஆகியிருக்கும். இருகை வாளின் இரண்டு ஆறு பக்கப் பகடைகள் நான்காகியிருக்கும். அதன்மேல், மந்திரம் போடுவதற்கான வரம்புள்ள வாய்ப்பாகிய ஸ்லாட்டுகளில் இரண்டாம் நிலை ஒன்றைச் செலவழித்து, அடிக்குக் கூடுதல் சேதம் சேர்க்கும் ஸ்மைட் போட்டிருப்பார், அதன் மூன்று எட்டு பக்கப் பகடைகளும் ஆறாகியிருக்கும். அத்தகைய வெட்டின் சராசரியே 48-ஐ ஒட்டி வரும் என்பதால், 51 என்பது வியப்புக்குரிய எண் அல்ல. ஆனால் 20 என்பது இருபது வீச்சுக்கு ஒருமுறை விழக்கூடியது. விழுந்த ஒரு வெட்டை நினைவில் வைத்துக்கொண்டு, தவறிப்போன வெட்டுகளை எல்லாம் மறந்துவிடுவதுதான் இவ்வகை வாதங்கள் முடிவுக்கு வராமல் இழுபடுவதற்குக் காரணம்.

ஆகவே ஒப்பீட்டை ஒரு சுற்றுக்கான சராசரியில் வைப்பதே முறை. நால்வருக்கும் உரிய முதன்மைத் திறன் 18, அதாவது +4 என்றும், எதிரியின் ஏ.சி. (அடி படுவதற்குத் தாக்குதல் எட்ட வேண்டிய எண்) 15 என்றும் கொள்வோம். 5-ஆம் லெவலில் தேர்ச்சிக் கூட்டல் +3 என்பதால் தாக்குதலுக்கு +7 கிடைக்கும்; பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும், அதாவது நூற்றுக்கு 65 வாய்ப்பு. சப்கிளாஸ் (கிளாஸின் உட்பிரிவு), ஃபீட் (திறன் உயர்வுக்குப் பதிலாக எடுக்கும் சிறப்புத் தகுதி), மந்திர ஆயுதம் ஆகியவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம்.

இருகை வாளும், 1 அல்லது 2 விழுந்த சேதப் பகடையை மறுபடி உருட்ட இடம்தரும் சண்டைப் பாணியும் கொண்ட ஃபைட்டருக்கு, பட்ட அடி ஒன்றின் சராசரி 12.3, தவறும் வாய்ப்பையும் கிரிட்டிகலையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரண்டு தாக்குதல்களுக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 16.9 வரும். ஸ்லாட் எதையும் செலவழிக்காத பாலடின், அதே வாளையும் அதே பாணியையும் வைத்திருந்தால், அவருக்கும் இம்மியும் மாறாமல் 16.9 தான். பார்பேரியனுக்கு அந்தப் பாணி கிடையாது. ஆனால் ரேஜில், அதாவது சண்டை வெறியில், இருக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் +2 சேர்கிறது. ரெக்லெஸ் அட்டாக்கைப் பயன்படுத்தினால் இரண்டு பகடைகளை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அடி படும் வாய்ப்பு 65-இலிருந்து ஏறத்தாழ 88-க்கு ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து அவருக்கு ஒரு சுற்றுக்கு 24.2 தருகின்றன. ரோக், இரு கைகளிலும் குறுவாள் ஏந்தி, கூடுதல் சேதப் பகடைகளைத் தரும் ஸ்னீக் அட்டாக்குக்கான நிபந்தனையையும் நிறைவேற்றிக்கொண்டால் 17.4.

இங்கே நிறுத்தினால் பார்பேரியன் வென்றார் என்றாகிவிடும். பாலடினின் வாதமும் அடிபட்டுப்போகும். ஆனால் பாலடினின் வலிமை ஸ்லாட்டுகளில் இருக்கிறது, அவை நீண்ட ஓய்வுக்கு, வழக்கமாக இரவு உறக்கத்துக்கு, பிறகே திரும்பி வருபவை. 5-ஆம் லெவலில் அவருக்கு முதல் நிலையில் நான்கும் இரண்டாம் நிலையில் இரண்டும் உண்டு. அனைத்தையும் ஸ்மைட்டாகவே செலவழித்தால், கிரிட்டிகலைச் சேர்க்காமல், சராசரியாக 63 சேதம் கூடுதலாகக் கிடைக்கும். அடி பட்ட பிறகே ஸ்மைட் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்பதால், இதில் ஒரு ஸ்லாட்டும் வீணாவதில்லை. இது பலர் போதிய அளவு மதிக்காத சலுகை. இந்த 63-ஐ எத்தனை சுற்றுகளுக்குப் பங்கிடுகிறோம் என்பதில்தான் தங்கள் கேள்விக்கான விடை அடங்கியிருக்கிறது.

ஒரு நாளில் ஐந்து சுற்று நீளும் ஒரே ஒரு சண்டைதான் என்றால், பாலடினின் சராசரி சுற்றுக்கு 29.5-ஐ எட்டுகிறது, பார்பேரியன் 24.2-இல் நிற்கிறார், ஆக்‌ஷன் சர்ஜ் மூலம் ஒரு சுற்றில் இரண்டு வெட்டுகளைக் கூடுதலாக வீசும் ஃபைட்டருக்கு 20.2, ரோக்குக்கு அதே 17.4. அதே நாளில் ஐந்து சுற்றுகள் கொண்ட நான்கு சண்டைகளும், இடையே இரண்டு குறு ஓய்வுகளும் இருந்தால் வரிசை மாறிவிடுகிறது. மூன்று சண்டைகளில் ரேஜும் நான்காவதில் வெறும் ரெக்லெஸ் அட்டாக்குமாக ஆடும் பார்பேரியனுக்கு 23.3 கிடைக்க, பாலடின் 20-க்கு இறங்கிவிடுகிறார். ஒவ்வொரு குறு ஓய்வுக்குப் பிறகும் ஆக்‌ஷன் சர்ஜைத் திரும்பப் பெறும் ஃபைட்டர் 19.4 உடன் அவரை நெருங்கிவிடுகிறார். ஆட்டத்தை நடத்துபவருக்கான, 2014-இன் டன்ஜன் மாஸ்டர் கையேடு, ஒரு நாளில் நடுத்தரமான அல்லது கடினமான ஆறு முதல் எட்டு மோதல்களைக் குழுவால் தாங்க முடியும் என்று கொண்டே எழுதப்பட்டது. தங்கள் மேசையில் அத்தனை மோதல்கள் நடக்கின்றனவா என்பதை நீங்களே அறிவீர்கள்.

பாலடினின் பக்கத்துக்கு ஒரு குறையையும் பார்பேரியனின் பக்கத்துக்கு ஒரு குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா ஸ்லாட்டையும் ஸ்மைட்டுக்கே கொடுக்கும் பாலடினால் பிளெஸ் போன்ற மந்திரங்களால் குழுவுக்கு உதவ முடியாது. ரெக்லெஸ் அட்டாக்கைப் பயன்படுத்தும் பார்பேரியனை எதிரிகளும் அடுத்த அவரது முறை வரை இரண்டு பகடைகளில் உயர்ந்ததைக் கொண்டு தாக்குவார்கள். ரேஜில் இருக்கும்வரை ஆயுதச் சேதம் பாதியாகக் குறைவதால் அவர் தாங்கிக்கொள்கிறார், ரேஜ் தீர்ந்த நான்காவது சண்டையில் அதே துணிச்சல் அவரைத் தரையில் கிடத்திவிடக்கூடும்.

கேள்வி: நான் ரோக் ஆடுகிறேன். ரேப்பியரின் பகடை எட்டு பக்கம் கொண்டது, குறுவாளின் பகடைக்கோ ஆறு பக்கங்களே. பெரிய பகடையை விட்டுவிட்டு இரண்டு சிறிய வாள்களை ஏந்துவதில் பயன் உண்டா?

பதில்: சேதத்தை மட்டும் கருதினால், பெரும் பயன் உண்டு. 5-ஆம் லெவலில், மேற்சொன்ன அதே எதிரிக்கு எதிராக, ரேப்பியரால் சுற்றுக்கு 13.1-உம் இரு குறுவாள்களால் 17.4-உம் கிடைக்கும். இடக்கை வாளின் சொந்தச் சேதம் இந்த வேறுபாட்டில் பாதியளவே. திறன் கூட்டல்கூடச் சேராத அந்த வாள் தன்னளவில் 2.5-க்கும் குறைவாகவே தருகிறது. முதல் வெட்டு தவறினாலும் ஸ்னீக் அட்டாக்கின் மூன்று பகடைகளைச் சேர்ப்பதற்கு இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் உண்மையான மதிப்பு. ஒரே வெட்டில் அனைத்தையும் வைத்திருக்கும் ரோக்குக்கு, அந்த வெட்டு தவறுவதைப் போன்ற இழப்பு வேறில்லை.

இதற்கு விலையும் உண்டு. இரண்டாவது வெட்டு, சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனை எடுத்துக்கொள்கிறது. வெட்டிவிட்டுப் பாதுகாப்பாக விலகிச் செல்வதற்கான கன்னிங் ஆக்‌ஷனும் அதே போனஸ் ஆக்‌ஷனைத்தான் கேட்கிறது. முதல் வெட்டு பட்டுவிட்டால் விலகுங்கள், தவறினால் மட்டும் இரண்டாவதை வீசுங்கள் என்பதே என் பரிந்துரை. இன்னொன்றும் உண்டு: ஸ்னீக் அட்டாக் சுற்றுக்கு ஒருமுறை என்று பலர் நினைக்கிறார்கள், விதியோ ஒரு சுற்றுக்குள் வரும் ஒவ்வொருவரின் முறைக்கும் ஒருமுறை என்கிறது. எதிரி தன் முறையில் உங்களை விட்டு விலக முயலும்போது கிடைக்கும் சந்தர்ப்பத் தாக்குதலிலும், நிபந்தனை பொருந்தினால், அந்தப் பகடைகளை நீங்கள் மீண்டும் உருட்டலாம். அதன் சராசரி 12.4. இதை மறந்து ஆடும் ரோக்குகள் தங்கள் கிளாஸைத் தாங்களே பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள்.

கேள்வி: கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்டை எடுக்காத ஃபைட்டர் ஃபைட்டரே அல்ல என்று ஒரு நண்பர் சொல்கிறார். 4-ஆம் லெவலில் திறனை உயர்த்துவதா, அந்த ஃபீட்டை எடுப்பதா?

பதில்: தாக்குதலில் 5 குறைத்துக்கொண்டு சேதத்தில் 10 கூட்டிக்கொள்ளும் அந்த ஃபீட் பற்றி மிகைப்படுத்தியே பேசப்படுகிறது, ஃபைட்டர் விஷயத்திலாவது. வலிமை 18 ஆகவே இருக்க, ஃபீட் கூடுதலாகக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், ஏ.சி. 15 எதிரியிடம் 16.9 என்பது 18.7 ஆகும், அவ்வளவே. ஏ.சி. 18 எதிரியிடம் 13.2 என்பது 12 ஆகக் குறைந்தே போகும். ஏ.சி. 11 மட்டுமே உள்ள ஓகரிடம்தான் 21.8 என்பது 27.6-க்குத் தாவுகிறது.

தாங்கள் கேட்பதோ திறனை விட்டுக்கொடுத்து ஃபீட்டை எடுப்பது பற்றி. அப்போது வலிமை 16-இலேயே நிற்கும், ஏ.சி. 15-க்கு எதிராக அடி படும் வாய்ப்பு 35 விழுக்காட்டுக்கு இறங்கி, சராசரி 15.8 ஆகிவிடும். கிரிட்டிகல் விழுந்தாலோ எதிரி வீழ்ந்தாலோ போனஸ் ஆக்‌ஷனில் கிடைக்கும் கூடுதல் வெட்டு இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பும் என்றாலும், 4-இல் வலிமையை உயர்த்தி, ஃபைட்டருக்கு மட்டுமே உரிய 6-ஆம் லெவல் வாய்ப்பில் ஃபீட்டை எடுப்பதே நல்லது. தங்கள் நண்பர் பார்பேரியனாக இருந்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு: ரெக்லெஸ் அட்டாக் அந்த 5 குறைவைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுவதால், வலிமை 18-உடன் அவருக்கு 24.2 என்பது 30.8 ஆகிறது.

கேள்வி: 11-ஆம் லெவலில் ஃபைட்டருக்கு மூன்றாவது தாக்குதல் கிடைத்ததும் மற்றவர்கள் பின்தங்கிவிடுவார்கள் என்பது உண்மையா?

பதில்: இல்லை. முதன்மைத் திறன் 20, எதிரியின் ஏ.சி. 17 என்று கொண்டால், சிறப்பு வளம் எதையும் செலவழிக்காத ஃபைட்டருக்கு 27.3, ஒவ்வோர் அடியிலும் தானாகவே ஓர் எட்டு பக்கப் பகடை சேரும் பாலடினுக்கு 24.5; ரேஜில் ரெக்லெஸ் அட்டாக்குடன் ஆடும் பார்பேரியனுக்கு 28.4, இரு குறுவாள் ஏந்திய ரோக்குக்கு 28. இவ்வளவு நெருக்கத்தில் நிற்கும் எண்களைக் கொண்டு கிளாஸைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. ஆனால் சேதம் எப்படிப் பிரிந்து விழுகிறது என்பது வேறு. ஏழு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) உள்ள கோப்ளின்கள் கூட்டமாக வந்தால், ஃபைட்டரின் மூன்று வெட்டுகளும் மூன்று கோப்ளின்களை வீழ்த்தக்கூடும். ரோக் ஒரே கோப்ளினின் மேல் முப்பதைக் கொட்டிவிட்டு, அதில் இருபதுக்கும் மேற்பட்டதை வீணடிப்பார்.

கேள்வி: வெறுங்கையாலும் போரிடும் துறவியான மாங்க் இந்த ஒப்பீடுகளில் எங்கும் இடம்பெறுவதில்லையே?

பதில்: 5-ஆம் லெவலில், இரு கைகளாலும் பற்றிய கம்பும் ஒரு வெறுங்கை அடியுமாக, கீ எனும் ஆற்றல் புள்ளி எதையும் செலவழிக்காமலே மாங்குக்கு 16.6 கிடைக்கிறது, கீயைச் செலவழித்துக் கூடுதல் அடி கொடுக்கும் ஃபிளரி ஆஃப் புளோஸ் பயன்படுத்தும் சுற்றில் 21.6. அவர் ஸ்டன் செய்த, அதாவது செயலிழக்கச் செய்த, எதிரியை மற்றவர்கள் எளிதாக வெட்டுவதால் கூடும் சேதம், வெட்டியவர்களின் கணக்கில் எழுதப்படுகிறது. மாங்குக்கு நேரும் அநீதி அதுவே.

கேள்வி: 2024-இன் திருத்தப்பட்ட விதிகளில் இந்தக் கணக்குகள் செல்லுமா?

பதில்: அப்படியே செல்லா. பெரிய அடி வாங்கியவர் பாலடின். ஸ்மைட் இப்போது போனஸ் ஆக்‌ஷனைக் கேட்கும் ஒரு மந்திரம். நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை ஸ்லாட் இன்றியே போடலாம் என்ற ஆறுதல் இருந்தாலும், ஐந்து சுற்றுச் சண்டையில் ஐந்துக்கு மேல் போட வழியில்லை. கிரேட் வெப்பன் மாஸ்டரில் 5-க்கு 10 என்ற பேரம் நீக்கப்பட்டு, தேர்ச்சிக் கூட்டலின் அளவு மட்டும் சேதத்தில் சேர்கிறது. ரோக்குக்கோ நல்ல காலம்: நிக் என்ற தன்மை கொண்ட கத்தியை ஒரு கையில் வைத்திருந்தால், இரண்டாவது வெட்டு முதல் வெட்டோடு சேர்ந்தே வந்துவிடும், விலகிச் செல்வதற்கான போனஸ் ஆக்‌ஷன் கையில் மிஞ்சும்.

கேள்வி: நான் டன்ஜன் மாஸ்டர். எங்கள் கதையில் ஒரு நாளில் ஒரு சண்டைக்கு மேல் வைக்க இயலவில்லை. பாலடின் அனைத்தையும் முதல் மூன்று சுற்றுகளில் கொட்டிவிடுகிறார். ஃபைட்டரும் ரோக்கும் ஆடுபவர்கள் சலிப்படைகிறார்கள். பாலடினின் ஸ்மைட்டைக் குறைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். கிளாஸின் விதியில் கைவைத்தால் ஒருவர் மட்டும் தண்டிக்கப்பட்டதாக உணர்வார். மாற்ற வேண்டியது ஓய்வுக்கும் சண்டைக்கும் இடையிலுள்ள விகிதத்தை. 2014-இன் டன்ஜன் மாஸ்டர் கையேட்டிலேயே இதற்கென ஒரு மாற்று விதி தரப்பட்டுள்ளது: குறு ஓய்வு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வு ஏழு நாள். இரவு உறக்கம் குறு ஓய்வாகிவிடுவதால், நாளுக்கு ஒரு சண்டை என்ற உங்கள் கதையின் நடை மாறாமலே, ஒரு வாரப் பயணத்தில் வரும் நான்கைந்து சண்டைகளுக்கும் பாலடின் அந்த ஆறு ஸ்லாட்டுகளையே பங்கிட வேண்டியிருக்கும். ஃபைட்டருக்கோ ஒவ்வொரு காலையும் ஆக்‌ஷன் சர்ஜ் திரும்பிவிடும். பார்பேரியனின் ரேஜும் இதில் சுருங்கும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற்றுவிடுங்கள். மந்திரத்தையே முழுதும் நம்பியிருக்கும் விஸார்ட் போன்றவர் குழுவில் இருந்தால் ஏழு நாள் மிகவும் கடுமையாகிவிடும். அப்போது நீண்ட ஓய்வைப் பாதுகாப்பான ஊரில் கழிக்கும் இரண்டு நாளாக வைத்துப் பாருங்கள்.