மனு தாக்கல் முதல் பதவி பறிப்பு வரை: எம்.எல்.ஏ. பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஒன்றியக் கவுன்சிலர் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறார். சுயேச்சைகளின் மனுதான் அதிகம் தள்ளுபடி ஆகிறது என்கிறார்களே, எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: முன்மொழிபவர்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கு அதே தொகுதியின் வாக்காளர்கள் 10 பேர் வேண்டும். அவர்களுடைய பாகம் எண், வரிசை எண்ணைப் பழைய வாக்காளர் அட்டையைப் பார்த்து எழுதக் கூடாது. திருத்தத்துக்குப் பிறகு வந்த பட்டியலைப் பார்த்தே எழுத வேண்டும். கையெழுத்தை ஒவ்வொருவரிடமும் நேரில் வாங்குங்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு விழுந்ததே இதனால்தான்: முன்மொழிந்தவர்களில் இருவர், அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று தேர்தல் அதிகாரியிடம் சொல்லிவிட்டார்கள். ஒருவர் ஒரு தொகுதியில் 4 மனுக்கள் வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றுதான். எனவே வேறு வேறு 10 பேரை வைத்து இரண்டு மனுவாவது போட்டுவிடுவது நல்லது.

படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. சொத்தோ கடனோ வழக்கோ இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். கோடு போட்டுவிட்டு வருவது வம்பு. பலர் மறப்பது, அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்ற உறுதிமொழியை. மனுவைக் கொடுத்த பிறகு, பரிசீலனைக்கு முந்தின நாளுக்குள் தேர்தல் அதிகாரி முன் அதை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் மனு நிற்காது.

சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. திரும்பக் கிடைக்க, செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: என் பெயர் பழனி தொகுதிப் பட்டியலில் இருக்கிறது. வேறு தொகுதியில் நிற்கலாமா? (வாசகி, பழனி)

பதில்: 25 வயது முடிந்திருந்தால் தமிழ்நாட்டில் எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். உங்கள் பெயர் உள்ள பட்டியல் பக்கத்தின் சான்றளிக்கப்பட்ட நகலை மனுவோடு கொடுக்க வேண்டும். மொத்தம் 234-இல் தனித்தொகுதிகள் 46. அவற்றில் ஏற்காடும் சேந்தமங்கலமும் பழங்குடியினருக்கானவை.

கேள்வி: எங்கள் குக்கிராமத்துக்கு ரேஷன் கடைக் கட்டடம் கேட்டு எம்.எல்.ஏ.விடம் மூன்று முறை மனு கொடுத்தோம். 'நிதி ஒதுக்குகிறேன்' என்கிறார், வேலை நடக்கவில்லை. பணம் அவரிடம்தானே இருக்கிறது? (வாசகர்கள், அரூர் வட்டாரம்)

பதில்: அவரிடம் இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்பது சரிதான். ஆனால் எம்.எல்.ஏ. செய்வது பரிந்துரை மட்டுமே. ஆட்சியர் நிர்வாக அனுமதி தர வேண்டும், பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும், டெண்டர் விட வேண்டும், ஒன்றிய அலுவலகம் வேலையை நடத்த வேண்டும். நிதியில் ஒரு பகுதி அரசு குறித்துத் தரும் வகை வேலைகளுக்கே போகும். மீதியில்தான் அவர் தம் விருப்பப்படி பரிந்துரைக்க இடம்.

உங்கள் மனு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டிய முதல் இடம் நிலம். சர்வே எண் இல்லாமல் 'கோயில் பக்கத்தில் காலி இடம்' என்று எழுதிய மனுக்கள் ஒன்றிய அலுவலகத்திலேயே தங்கிவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பார்த்து, அந்த இடம் என்ன வகைப்பாடு என்று எழுதி வாங்குங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அதை விட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள். தனியார் இடம் என்றால் ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகட்டும், பிறகு மனு கொடுக்கலாம்.

அடுத்தது, ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடு. அது கையில் இருந்தால் எம்.எல்.ஏ.வின் பரிந்துரைக் கடிதத்தில் வேலையின் பெயர், ஊர், சர்வே எண், தொகை நான்கும் இருக்கும். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கேள்வி போட்டுத் திரும்பி வராது. கூடவே கூட்டுறவுத் துறையிடம் பகுதிநேரக் கடைக்கு ஒப்புதல் கேளுங்கள். இதைச் செய்யாமல் கட்டிய கட்டடங்கள் கடை வராமல் பூட்டிக் கிடப்பதுண்டு.

காலமும் முக்கியம். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால், அனுமதி கிடைத்திருந்தும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்கக் கூடாது. ஐந்தாம் ஆண்டில் ஒதுக்குகிறேன் என்பவரை நம்பாதீர்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்குள் பிடியுங்கள்.

கேள்வி: 'சட்டமன்றத்தில் பேசிவிட்டேன்' என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். பேசியதால் என்ன ஆகும்? (வாசகர், அறந்தாங்கி)

பதில்: எந்த வடிவத்தில் பேசினார், அமைச்சர் என்ன வார்த்தையில் பதில் சொன்னார் என்று பாருங்கள். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்கும் சமமாகக் கிடைக்கிற கருவி கேள்வி நேரம். உடுக்குறி (நட்சத்திரக் குறி) இட்ட வினாவுக்கு அமைச்சர் அவையிலேயே பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்தில்தான் பதில். இதையெல்லாம் விட்டு மானியக் கோரிக்கை (துறைவாரி நிதி ஒதுக்கீடு) விவாதத்தில் 20 கோரிக்கைகளை வேகமாக வாசித்துவிட்டு உட்காருவதால் தொகுதிக்குப் பெரிதாக ஒன்றும் வராது.

'அரசிடம் கருத்துரு (திட்ட முன்மொழிவு) ஏதும் இல்லை' என்று பதில் வந்தால், கேட்டவர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று பொருள். பாலம் வேண்டுமென்றால் கோட்டப் பொறியாளர் ஆய்வு செய்து, மதிப்பீட்டோடு கருத்துரு சென்னைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கேள்வி கேட்க வேண்டும். 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்பதும் பிடி கொடுக்காத பதில். இந்த ஆண்டே செய்யப்படும் என்று திட்டவட்டமாகச் சொன்னால் அது உறுதிமொழி. அரசு உறுதிமொழிக் குழு அதைத் துறையிடம் விடாமல் கேட்க முடியும். அவைக் குறிப்பில் அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவரொட்டியைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: கட்சியிலிருந்து விலகுகிறேன் என்று கடிதம் கொடுக்காத எம்.எல்.ஏ.வின் பதவியையும் பறிக்க முடியுமா? (வாசகர், பெரியகுளம்)

பதில்: முடியும். 1985-இல் வந்த, கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி இரண்டு காரணங்கள். ஒன்று, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா இடும் உத்தரவை மீறி வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருப்பது. 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால் தப்பலாம். மற்றது, தாமாகக் கட்சியை விட்டு விலகுவது. இதற்குக் கடிதம் தேவையில்லை, நடத்தையே போதும் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017 ஆகஸ்டில் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் சிலர் முதல்வருக்கான ஆதரவைத் திரும்பப் பெறுவதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். சட்டமன்றத்தில் ஒரு வாக்கும் மாற்றிப் போடவில்லை. செப்டம்பர் 18-இல் சபாநாயகர் தனபால் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் அதை உறுதி செய்தார். அதே 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் பதவியில் தொடர்ந்தார்கள். முடிவு சபாநாயகர் கையில் இருப்பதால் வரும் கோளாறு இது. அவரும் ஒரு கட்சிக்காரர்தானே. இந்த அதிகாரத்தைத் தனித் தீர்ப்பாயத்துக்கு மாற்றாதவரை இது தீராது.

தகுதி நீக்கம் ஆனவர் மீண்டும் நிற்கலாம். செந்தில் பாலாஜி அந்த 18 பேரில் ஒருவர்; 2019-இல் தி.மு.க. சார்பில் அரவக்குறிச்சியில் நின்று வென்றார். சுயேச்சையாக வென்றவரும் கவனமாக இருக்க வேண்டும்: எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். வெளியிலிருந்து ஆதரவு தரலாம், உறுப்பினர் அட்டை வாங்கக் கூடாது.

கேள்வி: குற்ற வழக்கில் தண்டனை பெற்ற எம்.எல்.ஏ.வுக்கு, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே பதவி போய்விடுமா? (வாசகி, திருவெறும்பூர்)

பதில்: 2013 ஜூலைக்கு முன்பு போகாது, மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் பதவியில் தொடரலாம். லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. இப்போது 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால் அன்றே பதவி போகும். விடுதலைக்குப் பிறகும் 6 ஆண்டு நிற்க முடியாது. 2014 செப்டம்பர் 27-இல் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டதும் முதல்வர் பதவியோடு ஸ்ரீரங்கம் தொகுதியும் போனது. 2015 மே மாதம் உயர் நீதிமன்றம் விடுவித்தபோது ஸ்ரீரங்கத்தில் இடைத்தேர்தல் முடிந்திருந்தது. அதனால் அவர் ஆர்.கே. நகரில் நின்று அவைக்குத் திரும்பினார். தண்டனையை மட்டும் நிறுத்தி வைத்து ஜாமீன் வாங்கினால் போதாது. குற்றவாளி என்ற தீர்ப்புக்கே தடை வாங்க வேண்டும். வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.