ஜிம்மி ஏன் வேலையை விட்டான்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘பெட்டர் கால் சால்’ என்ற அமெரிக்க டிவி தொடரை இப்போதுதான் பார்க்கிறேன், இரண்டாவது சீசனை முடித்துவிட்டேன். அதன் நாயகனான வக்கீல் ஜிம்மி மெகில்மேல் எரிச்சலாக வருகிறது. பெரிய வக்கீல் நிறுவனம், கம்பெனி கார், கம்பெனி வீடு, கேட்ட மரத்தில் மேசை. அத்தனையையும் உதறிவிட்டுப் பழைய பித்தலாட்டத்துக்கே போகிறான். அண்ணன் செய்த துரோகம்தானே அவனைக் கெடுத்தது?

கே.

அன்புள்ள கே.,

அண்ணன்மேல் பழியைப் போட்டால் ஜிம்மிக்கே சந்தோஷமாக இருக்கும். தன் நிறுவனத்தில் தம்பி வக்கீலாகச் சேரக்கூடாது என்று மறைவிலிருந்து தடுத்தவர் அண்ணன் சக். அந்தக் காயம் பொய்யில்லை. ஆனால் அந்த சீசனின் ஏழாவது அத்தியாயம் 1973இல், அப்பாவின் கடையில் தொடங்குகிறது. ஒருவன் வந்து கண்ணீர்க் கதை சொல்கிறான், அப்பா பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். அவர் உள்ளே போன நேரத்தில் வந்தவன் சிகரெட் வாங்கிக்கொண்டு, உலகத்தில் ஓநாயும் உண்டு, ஆடும் உண்டு என்று பையனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். பையன் கல்லாவில் கைவைக்கிறான். இதில் அண்ணனுக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஜிம்மி உதறிவிட்டுப் போன டேவிஸ் அண்ட் மெயின் நிறுவனத்தையும் குறைசொல்ல முடியாது. அங்கே அவனுக்கு முதலாளியான கிளிஃபோர்ட் மெயின் நல்ல மனிதர். அனுமதி கேட்காமல் டிவியில் விளம்பரம் ஓட்டியவனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கிறார். அவரை ஒரு கொடுமைக்காரராக எழுதியிருந்தால் நாமும் கைதட்டியிருப்போம். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கோல்டும் அந்தச் சாக்கை நமக்குத் தரவில்லை. தொடரில் எனக்குப் பிடித்ததே இந்தக் கறார்தான்.

அவன் எப்படி வெளியேறுகிறான் என்று பாருங்கள். தானாக ராஜினாமா செய்தால் சேரும்போது வாங்கிய போனஸைத் திருப்பித் தரவேண்டும். ஆகவே துரத்தப்படவேண்டும், ஆனால் போனஸைப் பிடுங்குமளவுக்குக் குற்றமும் இருக்கக்கூடாது. ரோட்டோரத்தில் ஆடும் காற்றுப் பொம்மையைப் பார்த்ததும் யோசனை பிறக்கிறது. கண்ணைப் பறிக்கும் சூட்டுகள், ஆபீசுக்குள் பேக்பைப் வாத்தியம், தண்ணீர் சிக்கனம் என்ற பெயரில் கழிப்பறையை அப்படியே விட்டுவிட்டு வருவது! ஜிம்மியாக நடிக்கும் பாப் ஓடன்கிர்க்கின் முகத்தில் அப்போது என்ன உற்சாகம். கோபம் துளிகூடக் கிடையாது. நேர்மையான வேலையிலிருந்து அவன் வெளியேறுவதே ஒரு மோசடிதான். அந்த அலுவலகத்தில் அவன் மனதார உழைத்த ஒரே வேலையும் அதுதான் என்பேன். கடைசியில் மேசைக்கு மட்டும் செக் எழுதிக் கொடுக்கிறான்.

எனக்கு அவனைவிட அவன் காதலியும் சக வக்கீலுமான கிம்தான் உறுத்துகிறாள். அந்த வேலைக்கு அவன் சம்மதிக்கும் முன்பே ஹோட்டல் பாரில் ஒரு பங்குத் தரகரைப் பேசி மயக்கி, விலையுயர்ந்த டெக்கீலா பில்லை அவர் தலையில் கட்டுகிறார்களே, அந்த இரவில் கிம்மின் கண்களைக் கவனித்தீர்களா? பிறகு அவளே உஷாராகி, கூட்டு நிறுவனம் வேண்டாம், ஒரே கூரையின் கீழ் தனித்தனி அலுவலகம் வைத்துக்கொள்வோம் என்கிறாள். நீங்கள் இன்னும் நான்கு சீசன் பார்க்கவேண்டியிருப்பதால் அவளைப் பற்றி இதற்குமேல் சொல்லப்போவதில்லை.