புதிய ஊரில் ஒட்டாத மனம்

கேள்வி: வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. அக்கம்பக்கத்தினர் புன்னகைக்கிறார்கள், ஆனால் பேச்சு அதற்கு மேல் வளர்வதில்லை. என்னை யாருக்கும் பிடிக்கவில்லையோ என்று தோன்றுகிறது. நான் என்ன செய்வது?

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். முதன்முறையாக உரையாடும் இருவரில் ஒவ்வொருவரும், மற்றவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்று காட்டியது. உங்கள் அண்டை வீட்டாருக்கும் இதே ஐயம் இருக்கக்கூடும். மேலும், அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹாலின் கணக்குப்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கே ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து பழக வேண்டியிருக்கிறது. வாசலில் நின்று ஓரிரு நிமிடங்கள் நலம் விசாரிப்பதால் அந்தக் கணக்கு எப்போது நிறையும்?

ஆகவே, ஒரே முகங்களை வாரந்தோறும் சந்திக்க வாய்ப்புள்ள வாசகர் வட்டத்திலோ விளையாட்டுக் குழுவிலோ சேருங்கள். ஊர் முழுவதையும் கவர முயல்வது வீண் வேலை என்பேன். சிறு உதவிகளைக் கேட்கவும் தயங்காதீர்கள். பழைய நண்பர்களோடு தொலைபேசியில் பேசுவதில் தவறில்லை, மாலைப் பொழுதெல்லாம் அதிலேயே கரையாதவரை. உறக்கமும் பசியும் கெட்டு, சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.