நிருபரைக் கேளுங்கள்: திறக்காத மதகும் ஒரு செய்திதான்

மேட்டூர் அணையின் 16 கண் மதகைத் திறந்துவிட்டார்கள், கரையோரம் இருப்பவர்கள் கிளம்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. அம்மா பயந்துபோய்த் துணிமணியை மூட்டை கட்டிவிட்டார். மறுநாள் பேப்பரில் ஒரு வரிகூட இல்லையே?
– வாசகி, மேட்டூர்

மதகு திறக்கவில்லை, அதனால் செய்தியும் இல்லை. இது எங்கள் தொழிலின் பழைய கணக்கு அம்மா. இனி அது உதவாது.

இப்படி வீடியோ வந்தால் நான் முதலில் பார்ப்பது நீர்மட்டத்தை. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. 16 கண் மதகு உபரிநீருக்கானது. அணை நிரம்பும் சமயத்தில்தான் அதற்கு வேலை. நீர்மட்டம் 90 அடியில் நிற்கும்போது அதில் வெள்ளம் பாய்கிறது என்றால், சந்தேகமே வேண்டாம், பழைய படம். நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு மூன்றும் தினமும் வெளியாகும் விவரங்கள். அணைக்கு ஒரு போன் போட்டு, 'மதகு திறக்கவில்லை' என்று இரண்டு வரி உடனே இணையத்தில் ஏற்றியிருந்தால் உங்கள் அம்மா நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

சின்ன விஷயம் என்று இதை விட எனக்கு மனசில்லை. 2018 மே மாதம், போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். காரணம், வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி. அந்த ஜூலையில்தான் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. ஐந்தும் குரூப்பாக இருந்தால் ஆயிரம் பேருக்குப் போய்விடும்! வதந்தி ஓடும்போதே 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று விசாரித்து எழுதுவதும் நிருபர் வேலைதான்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் யூடியூபில் செய்தி போடுகிறான். அடையாள அட்டை எதுவும் இல்லை. அவனை நிருபர் என்று சொல்லலாமா?
– வாசகர், ஏற்காடு

தாராளமாக. முன்பெல்லாம் சேலத்து நிருபர்கள் மலையேறுவது கோடை விழாவுக்கும் பெரிய விபத்துக்கும்தான். ரோடு இல்லாத கிராமத்திலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவந்த சேதி கீழே வந்து சேராமலே போய்விடும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது, மேலே இருந்தவர்கள் அனுப்பிய படங்கள்தான் எங்களுக்குக் கண்.

பையனிடம் ஒன்று சொல்லுங்கள். சேலம் - ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவு என்று தெரிகிற மாதிரி எண் பலகையையும் சேர்த்துப் படம் எடுக்கட்டும், நேரத்தையும் சொல்லட்டும். யார்மேலாவது புகார் என்றால் அவரிடமும் போய்க் கேட்கட்டும். அவன் வீடியோவை எடுத்துப்போடும் பத்திரிகை அவன் பெயரையும் போடவேண்டும், காசும் கொடுக்கவேண்டும். சும்மா எடுத்துக்கொள்வது அநியாயம்.

யார் முதலில் போடுவது என்று போட்டி. சரிபார்க்க நேரம் ஏது?
– இதழியல் மாணவி, சேலம்

அப்போது எழுதிய தாளையும் ஃபிலிம் ரோலையும் கவரில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம். பஸ் கிளம்பும் நேரம்தான் எங்களுக்கு டெட்லைன். அதுவரை இன்னும் இரண்டு பேரிடம் விசாரிக்கலாம். இப்போது அந்த அவகாசத்தை நீங்களாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'விபத்து நடந்திருக்கிறது, உயிரிழப்பு பற்றி இன்னும் உறுதியாகவில்லை' என்று போடுங்கள், தப்பே இல்லை. இறந்தவர் பெயரை மட்டும் வீட்டாருக்குத் தகவல் போகும்முன் போடாதீர்கள். ஒரு தாய் அதை போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

காலையில் இணையத்தில் படித்த செய்தியில் பலி மூன்று. மாலையில் அதே செய்தியில் இரண்டு. எதை நம்புவது?
– வாசகர், அம்மாபேட்டை

திருத்தியது சரி, சொல்லாமல் திருத்தியது சரியில்லை. 'முதலில் மூன்று என்று போட்டோம், ஆஸ்பத்திரியில் விசாரித்ததில் இரண்டு' என்று செய்திக்கு அடியிலேயே எழுதவேண்டும். அந்த ஆசிரியருக்கே எழுதிக் கேளுங்கள். காலையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.