மஞ்சள் டயல், நேரடி ஸ்கோர், நடுவர் வாட்ச்: ரசிகர்கள் கேட்கிறார்கள்

ஐ.பி.எல். அட்டவணை வெளியானதும், குக்கரையும் ஃபிரிட்ஜையும் பற்றி எழுதுகிறவர்கள்கூடக் கைக்கடிகாரம் பற்றி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அணி அபிமானத்தை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள விரும்புகிறவர்களின் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகன், சிங்கம் பொறித்த மஞ்சள் வாட்ச் ஒன்றை ஆன்லைனில் காட்டி வாங்கித் தரச் சொல்கிறான். 2,999 ரூபாயை அடித்துவிட்டு 399 என்று போட்டிருக்கிறார்கள். இது சென்னை சூப்பர் கிங்ஸின் அசல் தயாரிப்புதானா?
– வாசகி, ஈரோடு

பதில்: 399 ரூபாய் என்றவுடனேயே சந்தேகப்படலாம். அணியின் பெயரும் சிங்கச் சின்னமும் அணி நிறுவனத்தின் வணிகச் சின்னங்கள். அவற்றை டயலில் அச்சிட உரிமம் வாங்கிய தயாரிப்பாளர் அதற்குப் பணம் கட்டியிருப்பார். கட்டியவர் அதைப் பெட்டியின் மேலேயே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். விளம்பரத்தில் உரிமம் என்ற பேச்சே இல்லாமல், 'சி.எஸ்.கே. ரசிகர்களுக்கான மஞ்சள் வாட்ச்' என்று சுற்றி வளைத்து எழுதியிருந்தால் விஷயம் தெளிவு. அணியின் சொந்த இணையக் கடையில் அந்தத் தயாரிப்பாளரின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

அசலா போலியா என்பதைவிட, அது நல்ல கடிகாரமா என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. விளம்பரப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். டயலுக்குள் மூன்று சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் குட்டி முள், வலப்புறம் இரண்டு பொத்தான்கள் என்று பார்க்கப் பந்தயக் கடிகாரம் போலவே இருக்கும். மலிவு விலை வாட்ச்களில் பெரும்பாலும் அந்தக் குட்டி முட்கள் ஒட்டி வைத்தவை, நகராது. பொத்தானை அழுத்தினால் உள்ளே போகாது. பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று செதுக்கியிருப்பார்கள். அதை நம்பி முழுக் கடிகாரமும் எஃகு என்று நினைத்துவிடக் கூடாது. மூடி மட்டும்தான் எஃகு. மேலுடல் கலப்பு உலோகத்தில் முலாம் பூசியது. நம் ஊர் வெயிலில் வியர்வை பட்டுப் பட்டு, பட்டை வந்து சேரும் முனையில் முதலில் முலாம் உரியும்.

உள்ளே ஓடும் இயந்திரம் பற்றி மட்டும் அவ்வளவு கவலை வேண்டாம். 'ஜப்பான் மூவ்மென்ட்' என்று போட்டிருப்பது உண்மையாக இருந்தால் தப்பில்லை. சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 2035 என்ற குவார்ட்ஸ் இயந்திரம் விலை மலிவானது. மாதத்துக்கு 20 விநாடி முன்பின் போகும், செல் மூன்று ஆண்டு வரை தாங்கும். பள்ளிப் பையனுக்கு அது தாராளம்.

தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, எம்.ஆர்.பி., புகார் தெரிவிக்கும் தொடர்பு எண் ஆகியவை பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. ஆன்லைன் பக்கத்திலும் தயாரான நாடு காட்டப்பட வேண்டும். இவை இல்லாத பக்கத்தை மூடிவிடுங்கள்.

என் யோசனை இது: பெயர் பெற்ற இந்திய நிறுவனத்தின் சாதாரண எஃகு வாட்ச் ஒன்றை வாங்குங்கள். பட்டை பொருந்தும் இடைவெளி 20 மி.மீ. அல்லது 22 மி.மீ. இருப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த அளவுகளில் மஞ்சள் சிலிக்கான் பட்டை சுலபமாகக் கிடைக்கும். நகத்தால் தள்ளிக் கழற்றும் குட்டி ஊசி (பின்) வைத்த பட்டை என்றால், மேட்ச் நாளில் மஞ்சளும் தேர்வு நாளில் கறுப்புமாக அவனே மாற்றிக்கொள்வான்.

கேள்வி: ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். வேலை நேரத்தில் போனைக் கீழ்த்தளத்து லாக்கரில் வைத்துவிட வேண்டும். 'நேரடி கிரிக்கெட் ஸ்கோர்' என்று அட்டையில் அச்சிட்ட ஸ்மார்ட்வாட்ச் வாங்கினால் இரண்டாவது மாடியிலிருந்தே ஸ்கோர் பார்க்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: முடியாது. மலிவு விலையில் வரும் அப்படிப்பட்ட வாட்ச்சுக்குச் சொந்தமாக இணைய இணைப்பு கிடையாது. போனில் உள்ள செயலி ஸ்கோரை வாங்கி, ப்ளூடூத் வழியாக வாட்ச்சுக்கு அனுப்புகிறது. ப்ளூடூத் எட்டும் தூரம் ஏறத்தாழ 10 மீட்டர். நடுவே இரண்டு கான்கிரீட் தளமும் இரும்பு லாக்கரும் இருந்தால் அதுவும் இல்லை. இ-சிம் (அட்டை இல்லாமல் உள்ளேயே பதிந்திருக்கும் சிம்) போடக்கூடிய ஆப்பிள், சாம்சங் வாட்ச்கள் போன் அருகில் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் அவற்றின் விலையைக் கேட்டால், விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பதே லாபம் என்று தோன்றும். முதலாளி போனை வாங்கி வைப்பதே கவனம் சிதறக் கூடாது என்பதற்காகத்தான் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக்கூடிய வேலையில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'நேரடி ஸ்கோர்' என்ற வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். போனுக்கு வரும் அறிவிப்பை அப்படியே காட்டுவது எல்லா மலிவு ஸ்மார்ட்வாட்ச்சும் செய்யும் வேலை. கிரிக்கெட் செயலியில் உங்கள் அணியைத் தேர்ந்தெடுத்து, விக்கெட், இன்னிங்ஸ் முடிவு, ஆட்ட முடிவு ஆகிய மூன்றுக்கு மட்டும் அறிவிப்பு வைத்தால் போதும். ஒவ்வொரு ஃபோருக்கும் சிக்ஸருக்கும் கை அதிர்ந்துகொண்டிருந்தால் பவர்பிளே முடிவதற்குள் கழற்றி எறிந்துவிடுவீர்கள். ஆண்ட்ராய்டு போனில் பேட்டரி சேமிப்பு அமைப்பு, வாட்ச்சின் செயலியைப் பின்னணியில் நிறுத்திவிடுவதும் உண்டு. 'வாட்ச் கெட்டுவிட்டது' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்பு, அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுத்துப் பாருங்கள்.

கடையில் வாங்குவதானால் அங்கேயே ஒரு சோதனை செய்யலாம். நண்பரைத் தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். சில வாட்ச்களில் தமிழ் எழுத்துக்குப் பதில் வரிசையாகக் கட்டங்கள் தெரியும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரையையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையும் பாருங்கள். ஸ்மார்ட்வாட்ச்சுக்கு அந்தப் பதிவு கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வீட்டில் இணையம் வழியாக ஆட்டம் பார்க்கும்போது வாட்ச் அறிவிப்பை அணைத்துவிடுங்கள். இணைய ஒளிபரப்பு மைதானத்தைவிடப் பல விநாடிகள் பின்தங்கித்தான் வருகிறது. அறிவிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும். பந்துவீச்சாளர் இன்னும் ஓடிவரத் தொடங்கவில்லை, உங்கள் கை மட்டும் 'விக்கெட்' என்று அதிர்கிறது. கடைசி ஓவரில் இதைவிடக் கொடுமை வேறில்லை, அதிலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாட்ச் கட்டாதவராக இருந்தால்.

கேள்வி: தம்பி தீவிர ஜடேஜா ரசிகன். மஞ்சள் டயலில் ஜடேஜாவின் பெயரும் 8 என்ற எண்ணும் பொறித்த வாட்ச் தள்ளுபடியில் கிடைக்கிறது. பிறந்தநாளுக்கு வாங்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தள்ளுபடிக்குக் காரணம் இருக்கிறது. 2026 ஆட்டத் தொடருக்கு முன்பு ஜடேஜா ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போய்விட்டார், அங்கிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்துவிட்டார். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்துகளைச் சிக்ஸரும் ஃபோருமாக அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்த மனிதர் என்பதால், தம்பிக்கு அது நினைவுப் பொருளாகப் பிடிக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள். பொதுவாகவே டயலில் ஆட்டக்காரர் பெயர் வேண்டாம் என்பேன். அணியின் பெயர்கூட நிலையில்லை: டெல்லி டேர்டெவில்ஸ் கேபிடல்ஸ் ஆனது, கிங்ஸ் லெவன் பஞ்சாப் என்பது பஞ்சாப் கிங்ஸ் ஆனது, 2009இல் கோப்பை வென்ற டெக்கான் சார்ஜர்ஸ் மூன்றே ஆண்டில் காணாமல் போனது.

கேள்வி: நான் இங்கிலாந்துக் கால்பந்து அணியான லிவர்பூலின் ரசிகன். இந்திய நேரத்தோடு லண்டன் நேரத்தையும் காட்டும் ஜி.எம்.டி. வாட்ச் வாங்க ஆசை. என் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. மாற்று வழி உண்டா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு, காசே செலவில்லை. குளிர்காலத்தில் நமக்கும் பிரிட்டனுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். முள் வைத்த எந்தக் கடிகாரத்தையும் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் பிரிட்டன் நேரம் தெரியும். சனிக்கிழமை இரவு எட்டரைக்குச் செய்து பாருங்கள். 6இல் இருந்த நிமிட முள் உச்சிக்கு வந்துவிடும். மணி முள் 2க்கும் 3க்கும் இடையே நிற்கும். அங்கே மணி பிற்பகல் 3, அதாவது அவர்களுடைய வழக்கமான சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் நேரம். மணி முள் எப்போதும் அரை இடம் பின்தங்கியே நிற்கும். நிமிட முள்ளைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். எண்கள் இல்லாமல் கோடுகள் மட்டும் உள்ள டயல் என்றால் படிப்பது இன்னும் சுலபம்.

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். அப்போது நாலரை மணி நேரம்தான் வித்தியாசம். தலைகீழாகப் படித்ததோடு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகஸ்டில் லீக் தொடங்கும்போது அதே 3 மணி ஆட்டம் நமக்கு ஏழரைக்கே வந்துவிடுவது இதனால்தான். இந்த மாற்றம் தானாக நடக்க வேண்டுமென்றால் ஜி.எம்.டி. வாட்ச்சும் உதவாது. அதன் கூடுதல் முள்ளையும் ஆண்டுக்கு இருமுறை நீங்கள்தான் திருப்பிவைக்க வேண்டும்.

கேள்வி: உலகக் கோப்பைக் கால்பந்து நடுவர்கள் கட்டும் வாட்ச், கோல் விழுந்தால் தானே சொல்லிவிடுமாமே? அதை நாமும் வாங்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நடுவர் கையில் இருப்பது ரசிகருக்கான பொருளே அல்ல. கோல் கம்பத்தை நோக்கி மைதானத்தில் பொருத்திய கேமராக்கள் பந்து கோட்டை முழுவதும் தாண்டிவிட்டதா என்று கணித்து, ஒரு விநாடிக்குள் நடுவரின் வாட்ச்சுக்கு அதிர்வு அனுப்பும். உலகக் கோப்பையில் 2014இல் அது வந்தது. அந்த ஆண்டு பிரான்ஸ்–ஹோண்டுராஸ் ஆட்டத்தில், ஹோண்டுராஸ் கோல்கீப்பரின் கையில் பட்டுக் கோட்டைத் தாண்டிய பந்தை அதை வைத்துத்தான் கோல் என்று உறுதிசெய்தார்கள்.

ரசிகர்களுக்காக ஹுப்லோ நிறுவனம் 2018 ரஷ்ய உலகக் கோப்பையின்போது 'பிக் பேங் ரெஃப்ரீ' என்ற ஸ்மார்ட்வாட்ச்சைக் கொண்டுவந்தது. மொத்தம் 2,018 கடிகாரங்கள், ஒன்றின் விலை 5,200 டாலர். ஆட்டம் தொடங்க 15 நிமிடம் இருக்கும்போது நினைவூட்டும். கோல் விழுந்தால் அதிரும். மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் காட்டும். இன்றைக்கு 2,000 ரூபாய் வாட்ச்சும் ஒரு கால்பந்துச் செயலியும் சேர்ந்தால் இதே வேலையைச் செய்துவிடும். டைட்டானியம் உடல் காலத்துக்கும் இருக்கும், உள்ளே இருக்கும் சிப்புக்கும் மென்பொருளுக்கும் ஆயுள் சில ஆண்டுகள்தான். பழைய பொருளாக எங்காவது கண்ணில் பட்டால் ஆசைப்படாதீர்கள்.

கேள்வி: 2,500 ரூபாய்க்கு அணியின் சின்னம் போட்ட வாட்ச் வாங்கினேன். 'வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்' என்று போட்டிருக்கிறது. வாங்கிப் பத்து நாளில், மழையில் நனைந்ததற்கே கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ரசீதில் இருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார்.
– வாசகர், திருச்சி

பதில்: 30 மீட்டர் என்பது ஆய்வகத்தில் அசையாமல் வைத்துக் கொடுக்கும் அழுத்தத்தின் கணக்கு. அதைக் கட்டிக்கொண்டு ஒரு மீட்டர் ஆழக் குளத்தில்கூடக் குதிக்கக் கூடாது; நீந்துவதற்குக் குறைந்தது 50 மீட்டர், நிம்மதியாக நீந்த 100 மீட்டர் வேண்டும். ஆனால் மழைத் தூறலும் கை கழுவும் தண்ணீரும் 30 மீட்டர் வாட்ச் தாங்கியே ஆக வேண்டியவை. குளிக்கும்போதோ நீச்சலிலோ கட்டவில்லை என்றால் உங்கள் புகார் நியாயமானது.

ரசீதில் அச்சிட்டிருக்கும் அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பதிவாக நிற்கும். ஆவி படிந்திருக்கும்போதே படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறினால் மறைந்துவிடும். தெருமுனை வாட்ச் கடையில் பின்மூடியைத் திறந்து காயவைத்தீர்களானால் 'நீங்களே திறந்துவிட்டீர்கள்' என்று கைவிரித்துவிடுவார்கள். அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் 1915இல் பதிவான புகார் எண்ணைக் காட்டும்போதே வேறு வாட்ச் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: மஞ்சள் சிலிக்கான் பட்டை இரண்டே மாதத்தில் அழுக்கு நிறமாகிவிட்டது. வெளுக்க வழி உண்டா?
– வாசகர், வேலூர்

பதில்: வியர்வையும் தூசியும் என்றால் பட்டையைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளி விட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போய்விடும். ஜீன்ஸ் துணியின் நீலச் சாயம் ஏறியிருந்தால் போகாது. பிளீச்சிங் பவுடர் மட்டும் போட்டுவிடாதீர்கள், பட்டை கெட்டுப்போகும். புதுப் பட்டை வாங்குவதுதான் வழி. அதைக் கட்டியிருக்கும் நாளில் கையை ஜீன்ஸ் பாக்கெட்டில் விடாதீர்கள்.