ஷோவில் பரிசு வாங்கிய கென்னல் நாய்கள் சினிமாவில் நடிக்குமா?

ஒரு குடும்பப் படத்துக்கு உங்கள் கென்னலில் (நாய் வளர்ப்புப் பண்ணையில்) உள்ள கோல்டன் ரெட்ரீவர் இன நாய்களைக் கேட்கிறார்கள், எல்லாமே நாய்க் கண்காட்சியில், அதாவது ஷோவில், பரிசு வாங்கியவை, அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படப்பிடிப்புக்கு நாய்களைப் பழக்குவதுதான் என் வேலை. தாராளமாக அனுப்பலாம். ஆனால் எந்த நாயை அனுப்புவது என்பதைக் கோப்பையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சினிமாக்காரர்கள் தூய இனத்தைத் தேடி வருவது முக்கியமாக உருவ ஒற்றுமைக்காகத்தான். திரையில் ஒரு நாய் என்றால் தளத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று இருக்கும். ஓட ஒன்று, அசையாமல் படுத்திருக்க ஒன்று. ‘ஹாச்சி: எ டாக்ஸ் டேல்’ (2009) படத்தில் வளர்ந்த ஹாச்சி என்ற நாயாக வந்தவை அகிதா என்ற ஜப்பானிய இன நாய்கள் மூன்று.

ஷோ நாயிடம் ஒரு சிக்கல் உண்டு. ரிங்கில், அதாவது ஷோவின் போட்டிக் களத்தில், நான்கு காலையும் ஊன்றி நின்று, ஹேண்ட்லர் (அதைப் பிடித்து நடத்துபவர்) கையிலிருக்கும் தீனியையே பார்க்கப் பழகியிருக்கும். நடுவர் முன்னால் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று பலர் ‘சிட்’ கூடச் சொல்லிக்கொடுப்பதில்லை. படத்திலோ அது நடிகரைப் பார்க்க வேண்டும். அதனால் பல ஷாட்களில் நான் நடிகரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி இருப்பேன். வசனம் பதிவாகும்போது வாயைத் திறக்க முடியாது, கைச்சைகைதான்.

முதலில் பழக்குவது ‘மார்க்’, அதாவது ஷாட்டில் நாய் போய் நிற்க வேண்டிய இடம். தரையில் ஒரு பலகைத் துண்டை வைப்போம். முன்னங்கால் இரண்டும் அதில் பட்டால் உடனே தீனி. அது புரிந்த பிறகு பலகையைச் சிறிதாக்குவோம், அப்புறம் ஒரு மெல்லிய மேட், கடைசியில் கேமராவுக்குத் தெரியாத டேப். சோகக் காட்சியில் நம்மை அழவைக்கும் முகமும் இதே மாதிரி வந்ததுதான்: தாடையைத் தரையில் வைத்து அப்படியே இரு என்று பொறுமையாகப் பழக்கியிருப்பார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய சவால், அவை கென்னலிலேயே வளர்ந்தவை என்பது. வழுக்கும் டைல்ஸ், மாடிப்படி, சுழலும் மின்விசிறி எதுவும் பார்த்திருக்காது. மைக்குக்கு ரோம உறை போட்டிருப்பார்கள். ஏதோ பிராணி தலைக்கு மேல் தொங்குகிறது என்று சில நாய்கள் பதுங்கிவிடும். கிளாப் சத்தம் அதைவிட மோசம். ஷாட் முடிந்த பிறகு கிளாப் அடிக்கச் சொல்லுங்கள். அது வழக்கத்தில் உள்ளதுதான், எடிட்டருக்குச் சிரமம் இல்லை.

ஆகவே ஒவ்வொரு நாயையும் தனித்தனியாக, அது போகாத ஒரு வீட்டுக்கு அழைத்துப் போங்கள். சற்றுத் தள்ளி ஒரு தட்டைக் கீழே போடுங்கள். துள்ளி விலகினாலும் பரவாயில்லை, எல்லா நாயும் துள்ளும். கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்து அந்தத் தட்டை மோந்து பார்க்கிறதா? அந்த நாயை அனுப்புங்கள். மூலையிலேயே ஒடுங்கி நிற்பது சாம்பியனாகவே இருந்தாலும் வேண்டாம். வாலை ஒடுக்கி, உதட்டை நக்கிக்கொண்டே நிற்கும் நாயை விளக்குகளுக்கு நடுவே நிறுத்துவது கொடுமை. எந்தப் படத்துக்காகவும் அதைச் செய்யக் கூடாது.

பயிற்சியாளரோடு பழகச் சில வாரங்களாவது கேளுங்கள். தளத்தில் உங்கள் ஆள் ஒருவர் கூடவே இருக்கட்டும். நாய் சோர்ந்துவிட்டது என்று அவர் சொன்னால் ஷாட்டை நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு போதாது, நேரம் நெருக்கும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, படம் ஓடினால் குட்டி கேட்டு ஃபோன் வரும். காலி (Collie) என்ற இன நாயைக் கதாநாயகியாக வைத்த ‘லாஸி கம் ஹோம்’ படம் 1943-இல் வந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் தூய இன நாய்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப்பில் அந்த இனத்தின் பதிவு 40 சதவீதம் கூடியது. திரையில் பார்த்த நாய் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நம்பி வாங்குபவர்கள், முடி உதிர ஆரம்பித்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். படம் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு உடனே குட்டி தராதீர்கள். சில மாதம் கழித்தும் கேட்டால், வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.